வேடமும் வேடிக்கையும்



குளிருக்கும் வெயிலுக்கும் காப்பாக உடுப்பதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மனிதன் அணியும் உடை இரு தொழில்களைச் செய்வது புலப்படும். ஒன்று, தான் இன்னான் என்று பிறருக்கு அறிவிப்பது. மற்றொன்று, தான் அல்லாத ஒருவனாகத் தோன்றுவது. வழக்கறிஞரின் கறுப்பு அங்கியும் தாதியின் வெள்ளுடையும் முதல் வகையைச் சேர்ந்தவை. கூத்துக் களரியில் முடி புனைந்து வருபவனுடைய உடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பகல் முழுவதும் வயலில் நின்றவன் இரவில் அருச்சுனனாக வருகிறான். அவனை நன்கறிந்த அயலவரும் விடியும்வரை அவனை அருச்சுனனாகவே ஏற்றுக்கொள்கின்றனர். முதல் வகையைச் சீருடை என்கிறோம். இரண்டாம் வகையை வேடம் என்கிறோம்.

வேடத்திலும் பல வகை உண்டு. தெய்வ வழிபாட்டுக்காகப் புனையும் வேடம் உண்டு. கதையை நடித்துக் காட்டப் புனையும் வேடம் உண்டு. பிறரை ஏமாற்றப் புனையும் பொய்வேடமும் உண்டு. இவற்றுள் எதிலும் சேராமல், சிரிப்பதற்காகவும் சிரிக்க வைப்பதற்காகவும் மட்டுமே புனையப்படும் வேடமும் ஒன்றுண்டு. நம் பாடசாலைகளின் விளையாட்டு விழாக்களில் நடைபெறும் வினோத உடைப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த பட்டும் சரிகையும் அணிந்து இளவரசியாக வந்த குழந்தையைச் சபையோர் பார்த்துவிட்டுப் பேசாதிருப்பர். அடுத்ததாகப் பழைய சாக்கைப் போர்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு மூடையாக ஒரு சிறுவன் தள்ளாடித் தள்ளாடி வருவான். கூட்டம் முழுவதும் கொல்லென்று சிரிக்கும். இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? பட்டுக்குக் கிட்டாத மதிப்பு சாக்குக்கு எப்படிக் கிட்டியது? இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, உலகின் வேறு இரு பகுதிகளில் செழித்து வளர்ந்த இரண்டு வேட வழக்கங்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். ஒன்று, மேல்நாட்டாரின் ஹலோவீன். மற்றொன்று, யப்பானில் பெயர் பெற்று இன்று உலகெங்கும் பரவியிருக்கும் கொஸ்பிளே.

முதலில் ஹலோவீனைப் பார்ப்போம். ஒக்டோபர் 31ஆம் நாள் இரவே ஹலோவீன் எனப்படுவது. மறுநாளாகிய நவம்பர் 1ஆம் நாள், கிறிஸ்தவ திருச்சபையில் சகல புனிதர்களின் திருநாள். அத்திருநாளின் முன்னிரவு என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரே தேய்ந்து ஹலோவீன் ஆயிற்று. ஆயினும், அந்த இரவுக்குரிய நம்பிக்கைகள் பல அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் வாழ்ந்த பழைய கெல்திய மக்களின் காலத்திலிருந்தே வருவன என்பர். அறுவடை முடிந்து கூதிர் தொடங்கும் அந்த நேரத்தை அவர்கள் சௌவின் என்று அழைத்தனர். ஒளிக்காலமும் இருட்காலமும் சந்திக்கும் அவ்விரவில் இறந்தோரின் ஆவிகள் ஊருக்குள் உலவும் என்று நாட்டு மக்கள் நம்பினர். உலவும் ஆவி தன்னை அடையாளம் கண்டுகொள்ளாதிருக்க வேண்டுமானால், தானும் ஆவியைப்போல் வேடம் போடுவதே வழி என்று எண்ணியவர்களும் இருந்தனர்.

அச்சத்தில் பிறந்த இந்த வழக்கம் நாளடைவில் சிறுவர் கையில் விளையாட்டாயிற்று. ஸ்கொத்லாந்திலே பிள்ளைகள் முகத்தில் கரி பூசிக்கொண்டும், தகப்பனாரின் பழைய மேற்சட்டையைத் தலைகீழாக அணிந்துகொண்டும் வீடு வீடாகச் செல்வர். சும்மா கையேந்துவதில்லை, ஒரு பாட்டோ, ஒரு கதையோ, ஒரு நகைச்சுவைத் துணுக்கோ சொல்லி வீட்டாரை மகிழ்வித்த பின்னரே அப்பிளும் கொட்டைகளும் காசும் பெறுவர். கையில் விளக்கு வேண்டுமே! அதற்காக ஒருவகைக் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே மெழுகுதிரி ஏற்றுவர். அயர்லாந்தில் 1840களில் பெரும்பஞ்சம் உண்டானபோது இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடும் ஸ்கொத்லாந்தியரோடும் இந்த இரவும் கப்பலேறியது. புதிய நாட்டில் பூசணிக்காய் மலிவாகக் கிடைத்தது. குடைவதற்கும் எளிதாக இருந்தது. கிழங்கு போய்ப் பூசணி வந்தது. இன்று ஹலோவீன் என்றவுடன் உலகம் நினைப்பது சிரிக்கும் பூசணிக்காயைத்தான்.

அமெரிக்காவில் இந்த இரவு தொடக்கத்தில் குறும்பர்களின் இரவாகவே இருந்தது. படலையைக் கழற்றி மரத்தில் தொங்கவிடுவதும், வண்டியைக் கூரைமேல் ஏற்றிவைப்பதும் இளைஞர்களுக்கு வேடிக்கையாகவும், காலையில் எழுந்தவர்களுக்கு வேதனையாகவும் இருந்தன. தண்டித்துத் திருத்துவதைவிடத் திசைதிருப்புவது மேல் என்று சில ஊரார் கண்டனர். மினசோட்டா மாநிலத்து அனோகா என்னும் சிற்றூர் 1920ஆம் ஆண்டில் ஒக்டோபர் இறுதி இரவில் வேட ஊர்வலம் நடத்தி, ஊர்ப் பிள்ளைகளைக் குறும்பிலிருந்து கொண்டாட்டத்துக்கு மாற்றியது. அந்த ஊர் இன்றும் தன்னை ஹலோவீனின் தலைநகர் என்று பெருமையோடு அழைத்துக்கொள்கிறது.

ஊர்வலம் என்றால் உடை வேண்டும். உடை தைக்கக் காசு வேண்டும். மசச்சூசெற்ஸ் மாநிலத்து டெனிசன் என்ற காகித உற்பத்தி நிறுவனம் 1909ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலை வெளியிட்டது. சுருக்கக் காகிதத்தைக் கொண்டு சூனியக்காரி, கறுப்புப் பூனை, பூசணி முதலிய வேடங்களை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறைகள் பிற்காலத்தில் ஆண்டுதோறும் வெளிவந்த அந்த நூல்வரிசையில் விளக்கப்பட்டிருந்தன. காகித வியாபாரம் பெருகியது. ஏழைத் தாய்மாரின் கற்பனையும் பெருகியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சீனிக்குப் பங்கீடு இருந்தமையால் இனிப்புக்காக வீடு வீடாகச் செல்வது குன்றியது. 1947ஆம் ஆண்டில் அப்பங்கீடு நீங்கியவுடன், மூடியிருந்த மதகு திறந்தாற்போல ஹலோவீன் நாடெங்கும் பாய்ந்தது. நியூயோர்க்கில் 1937ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பென் கூப்பர் முதலிய நிறுவனங்கள், மெல்லிய பிளாஸ்டிக் முகமூடியையும் ஓர் அங்கியையும் பெட்டியில் வைத்து மலிவான விலைக்கு விற்றன. இவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. குழந்தை எந்தப் பாத்திரமாக வேடம் போடுகிறதோ, அந்தப் பாத்திரத்தின் பெயரும் படமும் அங்கியின் மார்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எந்த வீரனாவது தன் படத்தைத் தானே மார்பில் குத்திக்கொண்டு போருக்குப் போவானா? பிள்ளைகள் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. முகமூடியின் இரண்டு துளைகளுக்குப் பின்னால் இருந்த கண்களுக்கு அவர்கள் வீரர்களாகவே இருந்தார்கள்.

இந்த மலிவுக்குப் பின்னே ஒரு துயரமும் உண்டு. 1940களில், மாடு மேய்க்கும் குதிரைவீரனைப் போன்ற உடைகளைச் சிறுவர்கள் விரும்பி அணிந்தனர். றேயோன் இழையால் மயிரடர்ந்ததுபோல் நெய்யப்பட்ட துணியில் அவை தைக்கப்பட்டிருந்தன. ஒரு தீப்பொறி பட்டால் போதும். கண்மூடித் திறப்பதற்குள் உடை முழுவதும் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் பலர் காயமுற்றனர், சிலர் இறந்தனர். இவையும் இவைபோன்ற வேறு விபத்துகளும் காரணமாகவே, எளிதில் தீப்பற்றும் துணிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. சாக்கு, காகிதம், பஞ்சு ஆகியவை எந்த நாட்டிலும் தீக்கு இரையே. பிள்ளைக்கு வேடம் கட்டும் தாய் தந்தையர் அழகைப் பார்க்குமுன் நெருப்பை நினைக்க வேண்டும்.

இனி இரண்டாவது வழக்கத்துக்கு வருவோம். 1939ஆம் ஆண்டு யூலை மாதத்தில், விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் ஈடுபாடு கொண்ட ஏறத்தாழ 200 பேர் நியூயோர்க் நகரில் ஒரு மகாநாடு கூட்டினர். உலக விஞ்ஞானக் கற்பனை மகாநாடுகளுள் அதுவே முதலாவது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து ஃபொறஸ்ற் அக்கர்மன் என்ற இளைஞரும், மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்மணியும் அதற்கு வந்திருந்தனர். மற்றெல்லாரும் வழக்கமான உடையில் வந்திருக்க, இவர்கள் இருவர் மட்டும் வருங்கால மனிதரின் உடையில் வந்தனர். எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையைத் தழுவி 1936ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படமும், அக்கால இதழ்களின் அட்டைச் சித்திரங்களும் அவ்வுடைக்கு மாதிரியாக இருந்தன. இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். பெயர் பெற்றவரோ பெரும்பாலும் அக்கர்மன்! ஊசி பிடித்த கையை உலகம் மறந்துவிடுவது புதிய செய்தியன்று. இக்காலத்து ஆராய்ச்சியாளர் அந்த அம்மையாரின் பெயரை மீட்டெடுத்து, கொஸ்பிளேயின் தாய் என்று அவரைப் போற்றுகின்றனர். மறு ஆண்டு சிக்காகோவில் கூடிய மகாநாட்டில் மாறுவேட விருந்தே நடைபெற்றது. அன்றிலிருந்து அது மகாநாட்டின் மரபாயிற்று.

மரபு வளர்ந்தபோது விதிகளும் வளர்ந்தன. விதி பிறந்த கதைகளுள் ஒன்று மிகவும் சுவையானது. 1972ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெற்ற மகாநாட்டில், இளம் சித்திரக்கதை ஓவியர் ஒருவர் மேடைக்கு வந்தார். தாம் புனைந்த பாத்திரத்துக்குத் துணி எதுவும் பொருந்தாது என்று கண்ட அவர், தம் உடம்பெங்கும் நிலக்கடலைப் பசையை அப்பிக்கொண்டிருந்தார். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் மண்டபத்து விளக்குகளின் வெப்பத்தில் பசை இளகத் தொடங்கியது, நாற்றம் எழுந்தது. நாற்காலிகளின் பஞ்சணைகளிலும், பிறர் பல நாள் பாடுபட்டுத் தைத்த உடைகளிலும் அது ஒட்டிக்கொண்டது. அதன்பின்பு, நிலக்கடலைப் பசையால் வேடம் போடலாகாது என்ற விதி அத்தகைய மகாநாடுகளில் வழங்கலாயிற்று. அறியாதவர் அவ்விதியைப் படித்தால் திகைப்பார். ஆனால் அதனுள் ஒரு பொது நியாயம் அடங்கியிருக்கிறது: உன் வேடிக்கை உன்னோடு நிற்கட்டும், அயலவன் சட்டையில் ஒட்டாதிருக்கட்டும்.

யப்பானிலும் சித்திரக்கதை அன்பர்கள் 1975ஆம் ஆண்டு முதல் ரோக்கியோவில் ஒரு சந்தை கூட்டி வந்தனர். அங்கும் கதாபாத்திரங்களின் உடையில் சிலர் வரலாயினர். இவ்வழக்கத்துக்கு என்ன பெயர் சூட்டுவது? மேல்நாட்டாரின் மாறுவேட விருந்து என்ற சொல்லை மொழிபெயர்த்தால், பழங்காலத்துப் பிரபுக்களின் நடன மண்டபம் நினைவுக்கு வந்தது. ஆகவே நொபுயுக்கி தகஹாஷி என்ற எழுத்தாளர், உடை என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் விளையாட்டு என்ற சொல்லின் தலையையும் ஒட்டி, 1983ஆம் ஆண்டில் ஓர் இதழில் கொசுப்புரே என்று எழுதினார். அதுவே ஆங்கிலத்துக்குத் திரும்பிப்போய்க் கொஸ்பிளே ஆயிற்று. நகோயா நகரில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய உலகக் கொஸ்பிளே மாநாட்டுக்குப் பல நாட்டார் வந்து போட்டியிடுகின்றனர். அப்போட்டியில் மேடையேறுவோர் தம் உடையைத் தாமே செய்திருக்க வேண்டும்; கடையில் வாங்கியது செல்லாது. கொஸ்பிளே அன்பரின் வீட்டை எட்டிப்பார்த்தால் தையற்கடை, தச்சுப்பட்டறை, வர்ணக்கூடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே காணலாம். தரையில் விரிக்கும் நுரைப்பாயை வெட்டி, வெப்பக்காற்றால் இளக்கி வளைத்து, ஒட்டி, வெள்ளி வர்ணம் பூசினால் அது போர்க்கவசமாகிவிடும். தொட்டுத் தூக்கினாலன்றி அது இரும்பு அன்று என்று எவரும் சொல்லமாட்டார்.

நேயர்களே, இப்போது நம் முதல் வினாவுக்கு வருவோம். வேடத்தில் சிரிப்பு எங்கே இருக்கிறது? மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன்.

தாய்லாந்தைச் சேர்ந்த அனுச்சா சேங்சார்ட் என்பவர் உலகப் புகழ் பெற்ற வேடக்காரர். அவரிடம் கவசமும் இல்லை, பட்டும் இல்லை. அடுக்களைப் பாத்திரம், மரக்கறி, துவாய், வாளி, நாடா என்று வீட்டில் எது அகப்படுகிறதோ அதைக்கொண்டு திரைப்பட நாயகர்களாகவும் சித்திரக்கதை வீராங்கனைகளாகவும் வேடம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார். உண்மைப் படத்தையும் தம் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். முதல் பார்வையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இரண்டாம் பார்வையில், பறக்கும் கூந்தல் என்று நாம் எண்ணியது ஒரு கட்டுக் கீரை என்று தெரியவரும். அந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையே உள்ள கணத்தில்தான் சிரிப்புப் பிறக்கிறது.

இரண்டாவது எடுத்துக்காட்டு யப்பானில் இருந்து. 2014ஆம் ஆண்டில் ரோக்கியோவில் சிலர் ஒரு புதுமையைத் தொடங்கினர். பளபளக்கும் ஆடம்பர வேடங்களைப் போட நாணிய வயதுவந்தவர்கள், நாமும் ஹலோவீன் கொண்டாடினால் என்ன என்று எண்ணினர். சாதாரண மனிதராகவே வேடம் போடுவது என்று தீர்மானித்தனர். இதற்கு ஜிமி ஹலோவீன் என்று பெயர்; ஜிமி என்றால் ஆரவாரமற்றது. உணவுத் தட்டை ஏந்திக்கொண்டு உட்கார இடம் தேடுபவர், விடுமுறை நாளில் படுக்கையிலிருந்து எழுந்தபடியே கடைக்கு வந்தவர் என்ற வகையிலான வேடங்களோடு அவர்கள் வருகின்றனர். தாம் யார் என்று ஒரு வரியில் எழுதிய அட்டையையும் காட்டுவர். அட்டையைப் படிக்கும் வரை அவர் தெருவில் போகும் ஒருவர், படித்த பின்போ, "ஆம், ஆம், இவரை நானும் கண்டிருக்கிறேன்! ஏன், நானே இப்படி நின்றிருக்கிறேன்!" என்று சிரிப்பு வந்துவிடும். அரக்கனாகவும் தேவனாகவும் மாறுவது எளிது. அடுத்த வீட்டுக்காரராக மாறுவதற்குக் கூர்ந்த கண் வேண்டும்.

மூன்றாவது, சிரிப்புக்கு மாறாக அச்சத்தைப் பற்றியது. ஹலோவீன் என்ற பெயரிலேயே 1978ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. சிறு முதலீட்டில் எடுத்த படம். கொலைகாரனுக்கு முகமூடி வேண்டியிருந்தது. இரண்டு டொலருக்கும் குறைந்த விலையில், விண்வெளித் தொடர் ஒன்றின் நாயகராகிய வில்லியம் ஷட்னரின் முகத்தை ஒத்த றப்பர் முகமூடி ஒன்றை வாங்கி, புருவத்தை நீக்கி, கண்துளையைப் பெரிதாக்கி, வெள்ளை வர்ணம் பூசினர். பலரும் நேசித்த ஒரு நாயகனின் முகம், உலகத்தையே நடுங்கவைத்த முகமாயிற்று. சேர்த்ததனால் அன்று, நீக்கியதனால்.

இம்மூன்றிலிருந்தும் நாம் அறிவது என்ன? வேடத்தின் வெற்றி செலவில் இல்லை. ஒரே ஒரு கருத்தில் இருக்கிறது. பத்துக் கருத்துகளை ஓருடலில் தொங்கவிட்டால் அது வேடமாகாது, சுமையாகும். ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டு, அதற்கு வேண்டாததையெல்லாம் விலக்கினால் பார்ப்பவன் கண் நேரே அங்கு செல்லும். உருளைக்கிழங்கு மூடையாக வந்த சிறுவன் வென்றது அதனால்தான். அவன் நடையும் மூடையின் நடையாகவே இருந்தது அல்லவா? உடை பாதி, நடை பாதி.

இன்னும் ஒன்றையும் காண்கிறோம். வேடம் போடுபவன் பாதியைத்தான் செய்கிறான். மறுபாதியைச் செய்பவன் பார்ப்பவன். கீரையைக் கூந்தலாகக் கண்டு, பின் கீரையாகவும் கண்டு சிரிப்பவன் இல்லையானால், அங்கே தலையில் கீரை வைத்த ஒரு மனிதர்தான் நிற்கிறார். ஆகவே வேடம் என்பது இருவருக்கும் இடையே எழுதாமல் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கை. இதை நீங்கள் நகைச்சுவைக்குரிய நுணுக்கமாக மட்டும் எண்ணிவிடக்கூடாது. அந்த உடன்படிக்கை முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

1992ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துப் பட்டன் ரூஜ் நகரம். யப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயது மாணவன் ஒருவன், தன்னை ஏற்று வைத்திருந்த குடும்பத்து மகனுடன் ஒரு ஹலோவீன் விருந்துக்குப் புறப்பட்டான். நடனப் படம் ஒன்றின் நாயகனைப்போல வெள்ளை உடுப்பு அணிந்திருந்தான். வீட்டு இலக்கம் தவறிவிட்டது. தட்டிய கதவின் வெளியே ஹலோவீன் அலங்காரம் இருந்தமையால் அதுவே விருந்து வீடு என்று நம்பினர். உள்ளே இருந்தவர்களோ அச்சமுற்றனர். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளியே வந்து, அசையாதே என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கூவினார். அந்தச் சொல் அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. அவன் முன்னே வந்தான், சுடப்பட்டு இறந்தான். வீட்டுக்காரர் குற்றவியல் வழக்கில் 1993ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு குடியியல் வழக்கில் அவர் பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. மகனை இழந்த பெற்றோர் பழிவாங்கும் எண்ணத்தில் இறங்கவில்லை. அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வைத்திருப்பதைக் கட்டுப்படுத்துமாறு வேண்டி, யப்பானில் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் கையொப்பங்களைத் திரட்டி, 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கிளின்ரனிடம் கையளித்தனர். கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அது விளையாட்டு; கதவுக்குள் நின்றவருக்கு அது ஆபத்து. ஒருவர் அறிந்த விளையாட்டை மற்றவர் அறியாதபோது வேடம் எவ்வளவு தனிமையான பொருளாகிவிடுகிறது பாருங்கள்.

உடன்படிக்கை இன்னொரு வகையிலும் முறியலாம். வேடம் போடுபவன் சிரிப்பதற்கு எடுத்துக்கொண்ட பொருள், ஒரு மனிதக் கூட்டத்தின் தோலாகவோ, மொழியாகவோ, வழிபாடாகவோ இருக்கலாம். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்து மாணவர்கள் சிலர் சுவரொட்டிகளை வெளியிட்டனர். ஒவ்வொன்றிலும் ஓர் இனத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், தம் இனத்தாரைக் கேலிசெய்யும் ஹலோவீன் வேடம் ஒன்றின் படத்தைக் கையில் ஏந்தி நிற்பார். நாங்கள் ஒரு பண்பாடு, வேடம் அல்லர் என்பது அதன் செய்தி. இதை நினைவில் வைத்தால் எந்த வேடத்தையும் உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் கிடைக்கும். நான் யாராக வேடம் போடுகிறேனோ, அவர் இந்தச் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்னோடு சேர்ந்து சிரிப்பாரா? சிரிப்பார் என்றால் மேடையேறலாம். தலைகுனிவார் என்றால் வேறு வேடம் தேடலாம். உலகில் வேடங்களுக்குப் பஞ்சம் இல்லை.

பார்ப்பவர்க்கும் கடமை உண்டு. கொஸ்பிளே உடையில் வரும் பெண்களைத் தொடுவதும், கேளாமல் படம் பிடிப்பதும் மகாநாடுகளில் பெருகியபோது, வேடம் அணிந்திருப்பது சம்மதம் ஆகாது என்ற இயக்கம் எழுந்தது. நியூயோர்க்கில் கூடும் பெரிய சித்திரக்கதை விழா 2014ஆம் ஆண்டில் அந்த வாசகத்தைப் பெரிய பலகைகளில் எழுதி வாயிலில் நிறுத்தியது. வேடத்துக்குள் இருப்பவர் பொம்மை அல்லர், மனிதர்.

பார்ப்பவர் பார்வையை வேடம் நல்வழியில் மாற்றிய கதை ஒன்றும் உண்டு. ஓரிகன் மாநிலத்தில், தசைகள் வலுவிழக்கும் நோயினால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த மகனை உடைய தந்தை ஒருவர், 2008ஆம் ஆண்டு ஹலோவீனுக்கு மகனின் விருப்பத்தைக் கேட்டார். கடற்கொள்ளைக்காரனாக வேண்டும் என்றான் பிள்ளை. தந்தை அந்த நாற்காலியைச் சுற்றி ஒரு கப்பலையே கட்டினார். அதுவரை தெருவில் அப்பிள்ளையைக் கண்டவர்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வர். அன்று சிறுவர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்து கப்பலைச் சூழ்ந்தனர். கப்பலின் தலைவனோடு பேசினர். அந்த அனுபவத்திலிருந்து 2015ஆம் ஆண்டில் மஜிக் வீல்செயர் என்ற தொண்டு நிறுவனம் பிறந்தது. தொண்டர்கள் கூடி, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி இத்தகைய வேடங்களைச் செய்து கொடுக்கின்றனர். மறைப்பதற்காகத்தான் வேடம் என்று நாம் எண்ணுகிறோம். இங்கோ வேடம், மறைந்திருந்த ஒரு பிள்ளையை வெளியே கொண்டுவந்தது.

முடிக்குமுன், பெற்றோர் கவனிக்கத்தக்க இரண்டொரு செய்திகள். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹலோவீன் மாலையில் தெருவில் நடப்போர் வாகனம் மோதி இறக்கும் அபாயம் ஏனைய மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கண்டனர். சிறுபிள்ளைகளுக்கு அது இன்னும் மிகுதி. இருளில் கறுப்பு உடையும், கண்ணை மறைக்கும் முகமூடியும் நல்ல துணையல்ல. முகமூடிக்குப் பதிலாக முகத்தில் வர்ணம் தீட்டலாம். உடையில் வெள்ளைப் பட்டி ஒன்று தைக்கலாம். காலில் தடக்காத நீளத்தில் அங்கியை நிறுத்தலாம். பூனைக்கண் போலவும் பாம்புக்கண் போலவும் தோன்றுவதற்காகக் கடைத்தெருவில் வாங்கும் ஒட்டுவில்லைகளைக் கண்ணில் வைப்பது பார்வைக்கே கேடு விளைக்கக்கூடும். வைத்தியர் பரிசோதித்து எழுதிக் கொடுக்காமல் அவற்றை விற்கலாகாது என்று அமெரிக்கச் சட்டமே தடுத்திருக்கிறது.

நேயர்களே, அச்சத்தை வெல்ல அச்சத்தின் வேடத்தையே போட்டுக்கொண்ட பழைய மக்களிடமிருந்து தொடங்கினோம். கிழங்கு விளக்கும், காகிதப் பாவாடையும், நுரைக் கவசமும், கீரைக் கூந்தலும் கண்டோம். நமக்கு ஹலோவீன் இரவு உரியது அன்று. அதை நாம் இரவல் வாங்கவும் வேண்டியதில்லை. ஆனால் வினோத உடைப் போட்டி நம்முடையது. அடுத்த முறை உங்கள் பிள்ளை அதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கும்போது, கடைக்கு ஓடுமுன் அதன் அருகில் உட்கார்ந்து, நீ யாராக ஆக விரும்புகிறாய் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் ஒரு நல்ல வேடம் இருக்கும். பிள்ளையைப்பற்றி நீங்கள் அதுவரை அறியாத ஒன்றும் இருக்கலாம். மீதிக்கு ஒரு பழைய சாக்கும் சிறிது பசையும் போதும்.